நிறுத்திக் கேட்டல்

மரம் அறுக்கும் மில்லில் பேண்ட்சா ஓடும்போது அதன் பேரிங்கை யாராலும் பார்க்க முடியாது. அது இரும்புக் கூட்டுக்குள் கிடக்கிறது; கூட்டின் மேல் கிரீஸும் மரத்தூளும் அப்பியிருக்கின்றன. வெளியே வருவது ஒலி ஒன்றுதான். அந்த ஒலியில் ஏதோ மாறியதும் மேஸ்திரி தலையைத் திருப்புகிறார், "பேரிங் கத்துது, மெயினை அணை" என்கிறார். அவர் கண்ணால் எதையும் காணவில்லை. அப்படியென்றால் அவர் அறிந்தாரா, அல்லது யூகம்தான் செய்தாரா? இரும்புச் சந்தைக்குப் பெயர்போன சாத்தாங்காட்டுப் பக்கத்தில் இது வெறும் பட்டறைக் கேள்வியாக நின்றுவிட முடியாது. கனத்த சரக்கை ஏற்றியனுப்பப் பெட்டி வேண்டும், காசிமேட்டில் படகுக்குப் பலகை வேண்டும் என்று இரும்பு சூழ்ந்த வடசென்னையிலும் ரம்பம் ஓயாமல் ஓடுகிறது. அதே வட்டாரத்தில், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு முதல்வனை நம்பித் திருவொற்றியூர்க் கோயிலும் நிற்கிறது. இரண்டிடத்திலும் கேள்வி ஒன்றே: வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிவது அறிவாகுமா? ஆகும் என்பது என் துணிபு. ஆனால் அந்த அறிவு காதில் விழுந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. நிறுத்திப் பார்க்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது.

சைவ சித்தாந்தம் அறிவுக்கு மூன்று அளவைகளை ஏற்கிறது: காண்டல், கருதல், உரை. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். மணிமேகலையில் சமயக்கணக்கர்கள் பேசும் காதையில் வரும் பூதவாதி இதை மறுக்கிறான். கண்ணெதிரே நிற்பதைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்குக் கைவிடத்தக்கது. அவனை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. மில்லில் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே கிறீச்சொலி வழுக்கும் பெல்ட்டிலிருந்தும் வரலாம், கிரீஸ் வற்றிய பேரிங்கிலிருந்தும் வரலாம். மரம் ஈரமாக இருந்தால் நல்ல ரம்பமும் வேறு குரலில் முனகும். அப்போது பழுது இயந்திரத்தில் இல்லவே இல்லை. நம் பழைய தருக்க நூலார் இதை அறியாதவர்கள் அல்லர். புகையிருந்தால் நெருப்பிருக்கும், நெருப்பிருந்தால் புகை இருந்தே தீரும் என்பதில்லை என்று அவர்கள் வரம்பு கட்டினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்புண்டு, புகையில்லை. புகை வர ஈர விறகு என்ற இன்னொன்றும் சேர வேண்டும். இரும்பையும் ஈர மரத்தையும் தினமும் கையாளும் ஓர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. சத்தமில்லாமல் ஓடுவதாலேயே இயந்திரம் நலம் என்று சொல்லிவிட முடியாது. சத்தம் வந்ததாலேயே பேரிங் போச்சு என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனால் பூதவாதி ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒலி என்பது வெறும் சத்தமாக வருவதில்லை, தாளத்தோடு வருகிறது. 36 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது, அதில் 20 அடி நீள பிளேடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றும். பிளேடு அதைவிட நீளம் என்பதால், அதன் ஒரே இடம் நொடிக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவான முறைதான் திரும்பி வரும். எனவே 'டிக் டிக்' என்ற அடி விரைவாக வந்தால் சக்கரத்தின் மேல் பிசின் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் பாதி வேகத்தில் வந்தால் பிளேடு ஜாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். அந்த ஒட்டு விடத் தொடங்கியிருந்தால் பிளேடு அறுந்து பாயக்கூடும், ஆளின் உயிரே அதில் தொங்குகிறது. இழைப்பு மெஷினில் ஒரு கத்தி மட்டும் மற்றவற்றைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காதுக்கு ஓர் அதிர்வு கேட்கும். அதே செய்தி பலகையின் மேல் அலையலையாக எழுதப்பட்டும் இருக்கும். இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் ஒரே காரணத்தைக் காட்டும்போது ஐயம் சுருங்குகிறது. சுருங்குகிறது, அவ்வளவுதான். ஐயத்தைத் தீர்ப்பது அடுத்த செயல்: மெயினை அணைப்பது.

மின்சாரத்தை நிறுத்தியவுடன் சத்தம் அந்தக் கணமே அறுந்துபோனால் அது மின்சாரத்தால் பிறந்த சத்தம்; நம் ஊர் 50 சுழற்சி மின்சாரத்தில் மோட்டாரின் இரும்பு நொடிக்கு 100 முறை அதிர்ந்து எழுப்பும் உறுமலாக இருக்கலாம். சக்கரம் ஓய்ந்து நிற்கும்வரை சத்தமும் கூடவே தாழ்ந்து தாழ்ந்து வந்தால் அது சுழல்வதன் சத்தம். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் இருந்தால் மோட்டாரில், இல்லாவிட்டால் அதற்கப்பால். இது இருந்தால் அது இருக்கிறது, இது இல்லையேல் அது இல்லை என்று உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் காரணத்தைப் பிரித்தெடுக்கும் இந்த வழியைத்தான் நூல்கள் அன்னுவயம், வெதிரேகம் என்கின்றன. பட்டறையில் அதற்குப் பெயர் கிடையாது, பழக்கம் மட்டுமே உண்டு. இரண்டிலும் எதிர்மறைதான் வலியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றின் காரணத்தை மனம் தேடுவதே இல்லை. நாளெல்லாம் காதில் இருந்த உறுமல், நின்ற பிறகுதான் இருந்ததென்று தெரிகிறது.

13ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரை இந்த இடத்தில் வைத்துப் படித்தால் அவருடைய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் புதிதாகத் துலங்குகிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது. ஆகவே அதற்கு ஒரு முதல் உண்டு என்கிறார். அதோடு விடவில்லை. அந்த முதல்வனைத் தோற்றுவிப்பவன் என்ற பக்கத்திலிருந்து அவர் காட்டவில்லை, ஒடுக்குபவன் எவனோ அவனே முதல் என்று நிறுவுகிறார். படைப்பின் அழகைக் கண்டு படைத்தவனை ஊகிப்பது உலகெங்கும் உள்ள வாதம். எங்கே எல்லாம் அடங்குகிறதோ அங்கிருந்து காரணத்தைக் காண்பது நிறுத்திப் பார்ப்பவனின் வாதம். சிவஞானபோதத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது மெய்கண்டாரை மெக்கானிக் ஆக்குகிறேன் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. இருவரும் கைக்கொண்டது ஒரே அளவை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இயந்திரத்தை நிறுத்தலாம், உலகத்தை யார் நிறுத்துவது? மேஸ்திரி அணைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டைத் திறந்து, குழி விழுந்த குண்டைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். சித்தாந்திக்கு அந்தக் கடைசிப் படி இல்லை. இது உண்மை, மழுப்பக் கூடாது. உறுப்பு உறுப்பாக உலகம் ஒடுங்குவதை நாம் காண்கிறோம், முழு ஒடுக்கத்தை எவரும் கண்டதில்லை. பகுதியிலிருந்து முழுமைக்குத் தாவும் அந்தத் தாவலைப் பட்டறை அனுபவம் நிரூபித்துத் தராது. கேள்வி கேட்ட முறை நேர்மையானது என்பதை மட்டும் அது காட்டுகிறது. மிச்சத்துக்குத்தான் சித்தாந்தம் உரை என்ற மூன்றாம் அளவையை வைத்தது. உரையைக் குருட்டு நம்பிக்கை என்று தள்ளுபவர்கள், வேலைக்குச் சேர்ந்த பையன் எப்படிக் கற்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிளேடு அறுவதற்கு முன் வரும் ஒலியை அவன் கேட்டதே இல்லை. மூத்தவர் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் முதல் தடவை அவன் கை சுவிட்சுக்குப் போகிறது. அந்தச் சொல்லைக் காண்டலாலும் கருதலாலும் சோதிக்க அவனுக்குப் பின்னால் காலம் இருக்கிறது. அதற்கு அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

அதிர்வை அளக்கும் கருவி வந்தபின் காது எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. கருவியும் கருதலைத்தான் செய்கிறது. திரையில் எழும் கோடு பேரிங் அல்ல, பேரிங்கின் அடையாளம். ஆனால் இந்த மறுப்புக்குள் என்னை உண்மையிலேயே வாட்டும் ஒன்று இருக்கிறது. கேட்டுக் கேட்டே காது கெடுகிறது. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. ரம்பமும் இழைப்பு மெஷினும் அதை எளிதில் தாண்டும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்திருந்தது. முதலில் போவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். வற்றிய பேரிங்கின் கீச்சொலி அங்கேதான் தொடங்குகிறது. ஐயமும் திரிபும் இல்லாததே காட்சி என்று மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் விதித்த தகுதியை, அறியப்படும் பொருளே அறிபவனிடமிருந்து பறித்துக்கொள்கிறது. மேஸ்திரியின் காதைப் புகழ்ந்துவிட்டு அந்தக் காதுக்கு ஓர் அடைப்பான் வாங்கித் தராத முதலாளி அந்த அறிவை மதிக்கவில்லை, தின்கிறார்.

புலன் போன பின் என்ன மிஞ்சும் என்பதற்குத் திருவொற்றியூரில் ஒரு பழங்கதை உண்டு. சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் பார்வையை இழந்தார் என்கிறது பெரியபுராணம். தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று வெளியே நின்று கேட்கிறார். கண் கிடைக்கவில்லை. ஓர் ஊன்றுகோலும், உள்ளிருந்து ஒரு குரலும் கிடைத்தன. அந்தக் குரலைக் கொண்டே அவர் காஞ்சிக்கு நடந்தார். அவர் விட்டுச்சென்ற திருவொற்றியூரிலோ ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி 3 நாள் மட்டும் கவசத்தைக் களைகிறார்கள். வரிசையில் நின்று உள்ளே போகிறவர்கள் அப்போது காண்பது ஒரு புற்று மண் திருமேனி. அதன் மேலும் புனுகும் தைலமும் சாத்தியிருக்கிறது.