மூத்த பிள்ளை எங்கே?



திருநாவுக்கரசர் படத்தை நல்லா பாருங்கள். தோளில் ஒரு நீண்ட கருவி இருக்கும். அதுதான் உழவாரம், புல் செதுக்குகிற கருவி. 7ஆம் நூற்றாண்டில், தள்ளாத வயதிலும் ஊர் ஊராக நடந்தவர் அவர். போன இடமெல்லாம் பதிகம் பாடினார், கோயில் பிராகாரத்தில் புல்லும் செதுக்கினார். நான் சிவில் பொறியியல் படிக்கிறவன். எனக்கு உழவாரம் வெறும் அடையாளமாகத் தெரியவில்லை. கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று வேர்விட்டால் போதும். வேர் பருக்கப் பருக்கக் கல் நகரும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், மதில் பிளக்கும். அந்த இடத்துக்கு எது தேவையோ அந்த வேலையை, அதற்கான கருவியோடு போய்ச் செய்தவர் அப்பர். இன்றைய பேச்சில் சொன்னால் பேக்பேக்கர், தொண்டூழியர், ரெண்டுமே அவர்தான்.

பேக்பேக்கர் நம்ம பினாங்குக்குப் புதுசு இல்லை. லவ் லேன், சூலியா தெரு விடுதிகளில் பார்க்காத முகமா? தைப்பூசத்தன்று அவர்களில் சிலர் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நம் தண்ணீர்ப் பந்தலுக்குள் வந்து, "நானும் மோர் ஊற்றட்டுமா?" என்பார்கள். தேர் வரும் பாதையில் சீன அன்பர்கள் தேங்காய் உடைக்கிற ஊர் இது, யாரையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. 513 படி ஏறி இறங்கி வருகிறவர்களுக்கு அவர்களும் மோர் கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், கிளம்பிவிடுவார்கள். போன பூசத்தில் ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி கேட்டார்: "இங்கே யாரும் செய்ய விரும்பாத வேலை எது?" குப்பைப் பைகளைக் காட்டினோம். ராத்திரி 11 மணி வரை கட்டிக்கொண்டே இருந்தார்.

இனி திங்களூருக்கு வாருங்கள். பெரியபுராணம் சொல்லும் கதை இது. அந்த வழியாக வந்த அப்பர் ஒரு தண்ணீர்ப் பந்தலைப் பார்க்கிறார். அதில் எழுதியிருப்பது அவருடைய பெயரே! வைத்தவர் அப்பூதியடிகள், அப்பரை நேரில் பார்த்தே இராதவர். (நம் பந்தல் பேனர்களில் யார் யார் முகம் இருக்கிறது என்று இங்கே நான் பேசப் போவதில்லை.) வந்தவர் யாரென்று தெரிந்ததும் வீட்டில் விருந்து. வாழை இலை அரியப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. இலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விழுந்து உயிர்விட்டான். பெற்றவர்கள் உடலை மறைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல இலை போட்டார்கள். வந்தவர் சாப்பிடாமல் போய்விடக் கூடாதே!

அப்பர் எல்லாருக்கும் திருநீறு கொடுக்கும்போது, மூத்த பிள்ளை எங்கே என்று கேட்டார். அப்பூதி மழுப்பினார். அப்பர் விடவில்லை. நடந்ததைக் கேட்டறிந்த பிறகு அவர் இலையில் உட்காரவில்லை. உடலைக் கோயில் முன் கொண்டுவரச் செய்து பதிகம் பாடினார். பிள்ளை எழுந்தான். அதற்கப்புறம்தான் சாப்பாடு.

இந்தக் கதையில் எல்லாரும் அற்புதத்தைப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிசு.

அடுத்த செமஸ்டர் விடுமுறையில் கம்போடியாவுக்குத் தொண்டூழியப் பயணம் போகலாம் என்று நம் குழுவில் பேச்சு நடக்கிறது. எனக்கும் ஆசைதான். இப்படிப் போய் வந்த நண்பர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே: "அங்க உள்ள ஜனங்க ரொம்ப நல்லவங்க, எப்பவும் சிரிச்ச முகம்." அப்பூதி வீட்டிலும் அன்றைக்குச் சிரித்த முகம்தான். விருந்தாளி முன்னால் எந்த வீடும் தன் கஷ்டத்தைக் காட்டாது, நம் அம்மாக்களும் அப்படித்தானே? மூணு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம், சரி. அங்கே இருக்கிற ஆசிரியர் அந்த மூணு நாள் என்ன செய்வார்? நமக்குச் சமைத்துப் போடுகிறவர் எந்தக் கூலியை விட்டுவிட்டு வருகிறார்? அவர்களுக்குச் சுவரில் பெயிண்ட் வேண்டுமா, அல்லது கூரை ஒழுகுகிறதா? டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் எழுதிக் கேட்போம். "நீங்கள் வர வேண்டாம், அந்த டிக்கெட் பணத்தில் தகரம் வாங்கிக் கொடுங்கள்" என்று பதில் வந்தால் அதையும் செய்வோம்.

திங்களூரில் தங்கிவிட்டு அப்பர் திருப்பழனம் போனார். அங்கே பாடிய பதிகத்தில் அப்பூதியின் பெயரை வைத்தார். நம் பயணப் படங்களுக்குக் கீழே யார் பெயர் வரும் என்பதையும் அடுத்த கூட்டத்திலேயே பேசிவிடலாம்.