நிழல் யாருக்குச் சொந்தம்?

கடலூரும் சிதம்பரமும் மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர்கள். கடலூரின் பழம்பகுதியான திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி மரம் பெயர் தந்தது. தில்லை மரங்கள் அடர்ந்திருந்தமையால் சிதம்பரம் தில்லை எனப்பட்டது. இன்று தில்லைக் காட்டைக் காண விழைவோர் நகரத்தை விட்டுப் பிச்சாவரத்துச் சதுப்புக்கே செல்ல வேண்டியிருக்கிறது.

தில்லை ஒரு விந்தையான மரம். உண்ணத் தகுந்த கனி தராது; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. 'இதனால் நமக்கு என்ன லாபம்?' என்று கேட்பவருடைய கணக்கில் அது வெட்டத் தகுந்த மரமே. ஆயினும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளுக்குப் பின்னிருந்த சிற்றூர்கள் திறந்த கரையோர ஊர்களைவிடக் குறைவாகவே சேதமுற்றன என ஆய்வாளர்கள் எழுதினர். கடலிலிருந்து அவ்வூர்கள் இருந்த தொலைவுக்கும் அதில் பங்குண்டு என வாதிட்டோரும் உளர், வாதம் நியாயமானதே. எனினும் அங்கே அலையை முதலில் எதிர்கொண்டவை அம்மரங்கள்தாம்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தருமமாகும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். களவு போனதும் தருமமே என்று மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. இங்கே ஓர் ஐயம் எழுகிறது. செயல்கள் எண்ணத்தைக் கொண்டே அளக்கப்படுகின்றன என்பது நாம் சிறு வயது முதல் ஓதி வரும் பாடம். அவ்வாறாயின், கள்வன் பறித்த கனிக்கு நட்டவர் எவ்வாறு நற்கூலி பெறுவார்? கள்வனுக்குக் கொடுக்க அவர் எண்ணவில்லையே! நாம் உணர்ந்த அளவில், மரம் நடுகிறவர் 'இன்னாருக்கு' எனத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நடும்போதே விட்டுக்கொடுத்து விடுகிறார். அந்த விட்டுக்கொடுத்தலே அவருடைய நிய்யத் எனலாம்.

நகரத்து மரத்திற்கு இது இன்னும் பொருந்தும். வாசல் வேம்பின் நிழல் வீட்டுக்காரருக்கு மட்டுமா விழுகிறது? வெயிலில் வண்டி தள்ளி வருபவரும், பள்ளி விட்டு வரும் பிள்ளையும், வீதியில் திரியும் ஆடும் அதில் பங்காளிகள். இலைகள் நீராவியை வெளிவிட்டுத் தெருவையே குளிர்விக்கின்றன. புழுதியைத் தம்மீது ஏற்கின்றன. 'சருகு விழுகிறது, சாக்கடை அடைக்கிறது' என்று வெட்டுபவர் தம் பங்கோடு அத்தனை பேருடைய பங்கையும் சேர்த்தே வெட்டுகிறார். அவர்களுள் ஒருவரிடமாவது அனுமதி கேட்டாரா?

மரம் விழுந்து உயிர் போனால் யார் பொறுப்பு என்று கேட்பாரும் உண்டு. அந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது சாய்ந்த மரங்கள் கொஞ்சமல்ல. ஆனால் வடிகாலுக்காக ஒருபுறம் வேரை அறுத்து, மறுபுறம் அடிமரம் வரை சிமெண்டு பூசி நிறுத்திய மரம் காற்றில் சாய்ந்தால், குற்றத்தை மரத்தின்மேல் ஏற்றுவது நீதியாகுமா?

அப்புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக வீழ்ந்தன. மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை இயன்றால் நட்டுவிடுமாறு நபிகளார் பணித்த செய்தியை அவ்வுழவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? வேரோடு பெயர்ந்த குழிகளுக்கு அருகிலேயே அவர்கள் மீண்டும் கன்றுகளை ஊன்றினார்கள்.