படகிலே கிடைத்த இளைப்பாறுதல்



"விசுவாசிகள் உல்லாசப் பயணம் போகலாமா பாஸ்டர்?" என்று நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். கன்வென்ஷனுக்கு வேன் பிடித்தால் ஆசீர்வாதம், ஆற்றைப் பார்க்க வேன் பிடித்தால் உலகமாம்!

மாற்கு 6-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஊழியம் முடித்து வந்த சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. ஆண்டவர் அவர்களை இன்னொரு கூட்டத்துக்கு அனுப்பவில்லை. தனியே போய்க் கொஞ்சம் இளைப்பாறுவோம் என்று படகிலே ஏற்றினார். ஆனால் நடந்தது என்ன? ஜனங்கள் கால்நடையாய் ஓடி, இவர்களுக்கு முன்னே போய் நிற்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஐயாயிரம் புருஷருக்குப் பந்தி பரிமாற வேண்டியதாயிற்று. அப்படியானால் சீஷர்களுக்குக் கிடைத்த ஓய்வு எவ்வளவு? படகில் இருந்த நேரம் மட்டும்தான்!

ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு விளங்கிற்று. நாங்கள் ஐந்து பேர் அருப்புக்கோட்டையில் ராத்திரி வேன் ஏறி, மதுரை, சேலம், தர்மபுரி, பென்னாகரம் வழியாய்ப் போயிருந்தோம். பரிசல் என்பது மூங்கிலில் பின்னின பெரிய வட்டக்கூடை. அந்தக் காலத்தில் அடியில் தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, ஒரே ஒரு துடுப்பு. இருபுறமும் மதில்போல் பாறை, நடுவிலே காவேரி. தூரத்தில் அருவி புகைகிறது. கன்னடத்தில் புகைகிற கல் என்பதுதான் அந்த ஊரின் பெயர்.

எங்களோடு வந்த ஒரு அண்ணன் முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். பத்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "ஐயா, கையும் காலும் சும்மா இருக்குதே, என்ன செய்யுறதுன்னே தெரியலை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற சகோதரர்களும் அப்படித்தானே? சும்மா இருப்பது பாவம் என்றே நம்மைப் பழக்கிவிட்டார்கள். புயலில் தலையணை வைத்துத் தூங்கினவர் நம்முடைய ஆண்டவர் (மாற்கு 4). அவர் சோம்பேறியா?

திருச்சுழியில் நமக்கும் ஒரு ஆறு இருக்கிறது. குண்டாற்றில் மழைக்காலம் போனால் மணலும் சீமைக்கருவேலமும்தான். காவேரி வெள்ளத்தை மாயனூரிலிருந்து கால்வாய் வெட்டிக் குண்டாறு வரைக்கும் கொண்டுவர 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நம்முடைய குண்டாற்றுக்கு அந்தத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்காகவும் ஜெபியுங்கள். வரும்வரைக்கும், இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகாவில் மழை பலத்தால் தண்ணீர் ஏறும், பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். விசாரித்துப் போங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பரிசல்காரரிடம் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். நம்முடைய ஓய்வு அவருடைய முதுகுவலி. தடை போட்ட நாளெல்லாம் அவருக்குக் கூலியும் கிடையாது.

தை மாதம் சகோதரிகளின் முறை. அன்றைக்கு வீட்டில் சோறு பொங்குவதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் ஆண்கள் பொறுப்பு.