பார்த்தவுடனே தெரியுமா?

'ஒரு ஆளைப் பார்த்தவுடனே எடை போட்டுடுவேன் சார்!' இப்படிச் சொல்லாத மேலதிகாரியையோ, வீட்டு ஓனரையோ நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

1950-களின் நடுவில், இஸ்ரேல் ராணுவத்தில் ஓர் இளைஞர். பெயர் டேனியல் கானமன். உளவியல் படித்தவர். யார் அதிகாரியாகத் தேறுவார் என்று கணிப்பது வேலை. முன்பின் தெரியாத எட்டுப் பேரிடம் நீளமான மரக்கட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். கட்டை தரையிலோ சுவரிலோ படாமல் எல்லோரும் சுவரைத் தாண்ட வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். யார் தலைவன், யார் தேறமாட்டான் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளியிலிருந்து தகவல் வரும். கணித்ததற்கும் நடந்ததற்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை! வேடிக்கை என்ன தெரியுமா? மறுநாள் அடுத்த எட்டுப் பேர் வந்ததும் அதே பளிச், அதே நம்பிக்கை.

பிறகு, படைப்பிரிவுகளுக்கு ஆள் பிரிக்கும் நேர்காணலை மாற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டு, தனித்தனியே மார்க். 'எங்களை மெஷின் ஆக்குறீங்களே' என்று நேர்காணல் செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். 'சரி, ஆறும் முடிந்ததும் கண்ணை மூடி உங்கள் மனசு சொல்வதையும் போடுங்கள்' என்றார். ஆறு மார்க்கின் கூட்டல், பழைய முறையைவிட நன்றாகவே கணித்தது. கடைசியில் போட்ட மனசு மார்க்கும் அதற்குச் சளைக்கவில்லை! அந்தக் கானமன்தான் 2002-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்.

தினம் நூறு தோசை வார்ப்பவருக்குக் கல்லின் சூடு தெரியும். கணிப்பு தப்பினால் அடுத்த நிமிடமே தோசை சொல்லிவிடும். ஆனால், நாம் வேண்டாமென்று அனுப்பிய மனிதர் திரும்பி வந்து 'நீங்க நினைச்சது தப்பு' என்று சொல்வாரா? அதனால்தான் நம் கணிப்பு நமக்கு எப்போதும் சரியாகவே தெரிகிறது. விலை கொடுப்பது என்னவோ அவர்.

வேலை கேட்டு வந்த ஒரு பையனை, முகம் பார்த்துப் பேசவில்லை என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பியிருக்கிறேன். அவன் எழுதிக் கொண்டுவந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் கணிப்பு சரியா, தப்பா? இன்றுவரை தெரியாது. அதுதான் உறுத்துகிறது.

மனசு பேசட்டும், தடுக்க வேண்டாம். நாலு கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்ட பிறகு, கடைசியாகப் பேசட்டும்.