சமயங்களுக்கு எது பொதுப் பகுதி?

சமய ஒற்றுமையை விரும்புவோர் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் சொல்கிறார்கள்: வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு, எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக்கொள்வோம். கணக்கில் இது மீப்பெரு பொதுக் காரணி காண்பதற்கு ஒப்பு. 4-க்கும் 6-க்கும் அது 2. கூடவே 9-ஐச் சேர்த்தால் வெறும் 1. எல்லா எண்களையும் வகுக்கும் 1, எந்த எண்ணைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. 'எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன' என்பதும் அப்படித்தான். அது பொய்யல்ல, ஆனால் ரமலான் நோன்பிருப்பவரையும் சபரிமலைக்கு மாலை போட்டவரையும் அதைக்கொண்டு அறிய முடியாது. பின்னங்களைக் கூட்டும் முறை வேறு. 1/4, 1/6, 1/9 மூன்றையும் கூட்ட நாம் தேடுவது மீச்சிறு பொது மடங்கை. அது 36, மூன்று பகுதிகளையும்விடப் பெரியது. அங்கே அவை 9/36, 6/36, 4/36 ஆகின்றன, கூட்டினால் 19/36. கால் தன் மதிப்பில் இம்மியும் இழக்கவில்லை. சுருக்கினால் மீண்டும் காலாகவே நிற்கும். சமயங்கள் சந்திக்கத் தக்க இடமும் இப்படி விரிந்ததாகவே இருக்க முடியும் என்பது என் வாதம்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தில் இதற்குச் சான்று உண்டு. அதன் முதல் விதியின் தொடக்க வரைவு, மனிதரின் இயல்பான பண்பாகப் பகுத்தறிவை மட்டுமே சுட்டியது. கன்பூசிய மரபை நன்கறிந்த சீனப் பிரதிநிதி பி.சி. சாங், பிறரைத் தன்போல் உணரும் பண்பும் இடம்பெற வேண்டும் என்றார். பகுத்தறிவோடு மனசாட்சியும் சேர்ந்தது. ஒரு மரபு கொண்டுவந்ததை ஏற்று அந்த வாசகம் வளர்ந்தது. கடவுளைக் குறிப்பிடும் யோசனை அதே விதியிலிருந்து கைவிடப்பட்டதே, அது கழித்தல்தானே என்று கேட்கலாம். ஆம், அந்த இடத்தில் காரணி வழியே வென்றது. ஆனால் 18-ஆவது விதி, தன் மதத்தைப் பின்பற்றவும் மாற்றிக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தந்தது. விட்டதை அவரவர் தம் வழியில் நிரப்பிக்கொள்ள அது இடம் வைத்தது.

இறைவன் உண்டு, இல்லை என்ற இரண்டையும் எப்படிக் கூட்டுவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. கூட்ட முடியாது. இங்கே தேடுவது கொள்கைகளை ஒன்றாக்கும் வழியை அல்ல, அவற்றை உடையவர்கள் சேர்ந்து வாழும் வழியை. 1-ஐத் தவிரப் பொதுக் காரணியே இல்லாத 5-உம் 7-உம் 35-இல் சந்திக்கின்றன. இப்படிப் பெருக்கிக்கொண்டே போனால் எல்லை எது என்ற அச்சத்துக்கும் கணக்கிலேயே விடை உண்டு: 4, 6, 9 மூன்றுக்கும் 72-உம் 108-உம் பொது மடங்குகள்தாம், ஆனால் 36 போதும். நல்லிணக்க மேடை அமைப்போர் எதை விட்டுவிடலாம் என்று தொடங்க வேண்டாம். வந்திருப்பவர் ஒவ்வொருவரும் தம்மை முழுதாகச் சொல்ல இன்னும் என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.