உலாவுதல் குற்றமா?

இல்லறத்தார்க்கு உரிய பன்னிரு விரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றிப் பிற உயிர்களுக்கு ஊறு விளைக்கும் செயல்களை விலக்குதலே அதன் பொருள். ஸ்ரீ சமந்தபத்ர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அச்செயல்களை ஐந்தாக வகுத்துள்ளார். அவற்றுள் பிரமாதசரியை என்பது ஒன்று. வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரை அலைத்தல், செடிகொடிகளைக் கொய்தல் முதலியவற்றோடு, வீணே சுற்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் ஆசாரியர் அதனுள் அடக்குகின்றார். பலமுறை படித்திருந்தும், இறுதியில் உள்ள அச்சொற்கள் நம் நெஞ்சில் தைத்ததில்லை. அவை தைத்தது கடல் கடந்த ஓர் ஏரிக்கரையில்.

மகன் குடும்பத்தாருடன் தங்கியிருக்க இங்கிலாந்து சென்றிருந்தபோது, மான்செஸ்டர் நகருக்குத் தென்கிழக்கே காம்ப்ஸ்டால் என்னும் சிற்றூரிலுள்ள எதரோ நாட்டுப்புறப் பூங்காவிற்கு ஒரு நாள் காலை சென்றோம். நகர மக்கள் இயற்கையைத் துய்த்து உலாவுவதற்காக இத்தகைய பூங்காக்களை அமைக்கும் உரிமையை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்தது 1968ஆம் ஆண்டுச் சட்டம். அந்நாட்டில் முதன்முதல் அமைந்தவற்றுள் இதுவும் ஒன்று. முதலில் ஏரி, அதன் கரையோடு மேலே நடந்தால் ஆறு, ஆற்றின் குறுக்கே அணை, அருகே காடு. முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. ஈரப் பாதையெங்கும் மண்புழுக்களும் நத்தைகளும் ஊர்ந்துகொண்டிருந்தன.

"எங்கே போகிறோம் தாத்தா?" என்று பெயரன் கேட்டான். "எங்கும் இல்லையப்பா, சும்மா உலாவத்தான்" என்றோம். சொன்ன மாத்திரத்தில் அந்தச் 'சும்மா' நம்மைச் சுட்டது. மழைக்காலம் நான்கு திங்களும் முனிவர்கள் ஓரிடத்தே தங்குவது உயிர்களை மிதியாமைக்கு அன்றோ? நாமோ புழுக்கள் நெளியும் பாதையில் 'சும்மா' நடக்கின்றோம், சிறுவனையும் நடத்துகின்றோம்.

உடல் நலத்திற்காக நடப்பது பயனுள்ளதே என்று அன்பர்கள் கூறலாம். உண்மையே. ஆயினும், பயன் உண்டு என்பதனாலேயே ஒரு செயல் தூயதாகிவிடுமா? அவ்வேரியையே எண்ணிப் பார்ப்போம். பருத்தி ஆலையின் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றுதற்காக ஆற்று நீரைத் திருப்பித் தேக்கியது அது. உழைத்த நீர், பயனுள்ள நீர். ஆனால் 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூளும்வரை அவ்வட்டார ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி, அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் விளைவித்தது. ஆடை பயனுடையது; அதன் இழைதோறும் மானிடர் துன்பம் இருந்தது. இன்று அந்நீர் எந்தச் சக்கரத்தையும் சுழற்றவில்லை. வாத்துகளும் நாமக்கோழிகளும் அதில் வாழ்கின்றன.

பெயரன் கையில் ரொட்டித் துண்டுகள் இருந்தன. "பசிக்கு அன்னம் இடுவது புண்ணியம்தானே?" என்று மகிழ்ந்து வாரி வீசினான். பறவைகள் தின்றது சிறிது. நீரில் ஊறி அமிழ்ந்தது பெரிது. ரொட்டி பறவையின் வயிற்றை நிரப்புமேயன்றி அதற்கு வேண்டிய சத்தைத் தாராது. எஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும், பாசியை வளர்க்கும், எலிகளைக் கூட்டும். நோக்கம் தயை, விளைவு ஊறு.

எனவே பயன் மட்டுமோ நல்லெண்ணம் மட்டுமோ அளவுகோலாகாது என்பது தெளிவு. ஆசாரியர் இக்குற்றத்திற்கு இட்ட பெயரிலேயே விடை இருக்கின்றது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்தும் அதனையே முன்வைத்தார். குற்றம் நடையில் இல்லை; காணாது நடப்பதில் இருக்கின்றது.

இதனைப் பெயரனுக்கு விளக்கிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்த்தபடி நடந்தோம். காலடியில் ஏதோ நொறுங்கிற்று. குனிந்து பார்த்தால் ஒரு நத்தை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நம் முகத்தை மட்டும் பார்த்தான்.

ஈர்யா சமிதி காக்கும் துறவியர் நுகத்தடி அளவு நிலத்தை நோக்கியே அடி வைப்பர். அதன் அருமை அன்றுதான் விளங்கியது. விழிப்பைப் பற்றிப் பேசுவதும் விழிப்பாயிருப்பதும் வேறு வேறு. பின்னர்க் கண்டு வருந்தியதால் அந்த உயிர் மீளவும் இல்லை.

திரும்பும் வழியில் இருவரும் பேசவில்லை. பாதையை விட்டு விலகாமல், நிலம் நோக்கி, மெல்ல நடந்தோம். பெயரன் ஓர் இலையால் மண்புழு ஒன்றை ஏந்திப் புல்லோரம் விட்டான். அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் அந்நத்தையை நினைந்து மன்னிப்பு வேண்டினோம்.

இல்லறத்தார் நடவாதிருத்தல் இயலாது. உலாவச் செல்வோம், பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோம். ஆனால், 'சும்மா' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுச் செல்வோமாக.