ஆவணப்படமும் அநேகாந்தமும்

பிறருடைய உழைப்பையும் துன்பத்தையும் பார்த்துப் பதிவுசெய்பவர், அந்தக் காட்சியால் தீண்டப்படாத சாட்சியாக நிற்க முடியுமா என்னும் கேள்வி, கேமரா பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இந்திய மெய்யியலில் ஆராயப்பட்ட ஒன்று. மனத்தில் எழுந்து மறையும் அனைத்தையும் விளங்கச்செய்தும் அவற்றுள் எதிலும் பங்கேற்காத தூய உணர்வையே அத்வைத வேதாந்தம் சாட்சி என்று குறிக்கிறது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து, 1950இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷி, இக்கருத்தை விளக்கத் தம் காலத்துப் புதுமையான சினிமாவையே எடுத்துக்கொண்டார். காட்சியில் தீ எரிந்தாலும் திரை கருகுவதில்லை, வெள்ளம் பாய்ந்தாலும் அது நனைவதில்லை, ஆன்மாவின் இயல்பும் அத்தகையதே என்பது அவர் தந்த விளக்கம். ஆயினும் அவர் சுட்டியது காட்சியை ஏற்கும் திரையைத்தான். காட்சியைத் தேர்ந்தெடுக்கும் கேமராவுக்கு அந்தத் தூய்மையை உரித்தாக்க இயலாது. அதை யாரோ ஒருவர், ஏதோ ஒரு நோக்கத்துடன், ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையே அமைந்த பெரணமல்லூர் வட்டாரம், ஆரணிப் பட்டு என்று பெயர்பெற்ற சேலைகளை நெய்யும் பகுதியைச் சேர்ந்தது. இக்கேள்வியை அங்குள்ள தறிவீடு ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தி நெய்யும் தறிக்குக் குழித்தறி என்று பெயர். நின்ற உயரத்திலிருந்து படம் எடுத்தால் நெசவாளரின் குனிந்த தலையும் நாடாவை ஓட்டும் கைகளும் மட்டுமே கிடைக்கும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால்தான், நீட்டிக் கட்டிய பாவுக்கு அப்பால் அவருடைய முகம் தெரியும். குழிக்குள் இறக்கினாலோ முகம் மறைந்து, ஓயாமல் மிதிக்கும் பாதங்கள் தெரியும். இம்மூன்றிலும் அகப்படாத சுவரோரத்தில், அவ்வீட்டுப் பெண் ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருப்பார், அதாவது நாடாவுக்குள் வைப்பதற்கான ஊடை நூலைச் சிறு குழலில் ஏற்றிக்கொண்டிருப்பார். சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலியில் அவருடைய வேலைக்குப் பெரும்பாலும் தனிக் கணக்கில்லை. எந்தக் கோணமும் பொய் சொல்வதில்லை. ஆனால் கைகளைக் காட்டும் படம் கலைத்திறனின் படமாகவும், பாதங்களைக் காட்டும் படம் உடலுழைப்பின் படமாகவும், சுவரோரம் திரும்பும் படம் கூலியின் படமாகவும் ஆகிவிடுகிறது.

இந்த நிலையை விளங்கிக்கொள்ள அத்வைதத்தைவிடச் சமணம் அதிகம் துணைசெய்கிறது என்றே கொள்ளவேண்டும். தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்ந்துவரும் வட்டாரம் இது; குந்தகுந்தாச்சாரியாரோடு மரபு தொடர்புபடுத்தும் பொன்னூர் மலை வந்தவாசிக்கு அருகிலேயே உள்ளது. பொருள் ஒவ்வொன்றும் எண்ணற்ற தன்மைகளை உடையது, அவை அனைத்தையும் ஒரே கூற்றில் அடக்க முடியாது என்னும் கொள்கை அநேகாந்தவாதம் எனப்படும். ஒரு கோணத்தில் நின்று சொல்லப்படும் பகுதி உண்மைக்கு நயம் என்று பெயர். அப்பகுதி தன்னையே முழுமை என்று சாதித்து மற்ற நோக்குகளை மறுக்கும்போது, அது துர்நயமாக, அதாவது பிழைபட்ட நோக்காக, மாறிவிடுகிறது. ஆவணப்படம் ஒரு நயம். அதைத் துர்நயமாகாமல் காப்பது எப்படி என்பதே, ஆவணப்படக் கலைஞர்களுக்கு நிதியும் விழாவும் விருதும் பயிற்சியும் அளிக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளின் முன் நிற்கும் அறக்கேள்வி.

இந்தியாவில் 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன், ஆவணப்படத்தை நெடுங்காலம் அரசின் ஒற்றை நோக்காகவே மக்களுக்குக் காட்டிவந்தது. 2004ஆம் ஆண்டின் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது, இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். விதி விலக்கப்பட்ட பின்னரும் விமரிசன நோக்குடைய பல படங்கள் விழாவில் இடம்பெறாததால், அவர்கள் 'விகல்ப்' என்னும் மாற்று விழாவைத் தாங்களே நடத்தினர். 2000இல் புதுதில்லியில் நிறுவப்பட்ட பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தூர்தர்ஷனுடன் இணைந்து சுயாதீன இயக்குநர்களின் படங்களுக்கு நிதியும் வழிகாட்டலும் அளித்து, 'ஓப்பன் ஃபிரேம்' விழாவில் அவற்றைத் திரையிட்டது. மதுரையில் ஆர்.பி. அமுதனின் 'மறுபக்கம்' அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறது. கையால் மலம் அள்ளும் பெண் ஒருவரின் அன்றாட வேலையை மதுரைத் தெரு ஒன்றில் பின்தொடரும் அமுதனின் 'பீ' என்னும் படத்தைப் பார்ப்பவர், திரையைப்போல் கறைபடாமல் இருந்துவிட முடியாது, இருந்துவிடவும் கூடாது.

ஆகவே விழா என்பது நயங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாக இருக்கும்வரை அது அநேகாந்தத்துக்கு நெருங்கியது. விருது அவ்வாறன்று, ஒரு படத்தை மற்றவற்றுக்கு மேலே நிறுத்தும்போது, அதன் கோணத்தையே அப்பொருளின் உண்மை என்று உலகம் எடுத்துக்கொள்ள விருது வழிவகுக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் 'கபர் லஹரியா' செய்தி நிறுவனத்தைப் பற்றி ரிண்டு தாமஸும் சுஷ்மித் கோஷும் இயக்கிய 'ரைட்டிங் வித் ஃபயர்', 2021இல் சன்டான்ஸ் விழாவில் விருதுகளை வென்று, அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள்கள் முன்பு அந்நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. இயக்குநர்களுக்குத் தங்கள் நோக்கில் கதை சொல்லும் உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே, ஒரு கட்சியைப் பற்றிச் செய்தி சேகரிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்டவர்களாகத் தங்களைப் படம் காட்டுகிறது என்றும், பகுதிக் கதை முழுமையைத் திரித்துவிடக்கூடும் என்றும் அது கூறியது. சமணத் தருக்க நூல்களை நாடாமலே, படத்தில் இடம்பெற்ற பெண்கள் நயத்துக்கும் துர்நயத்துக்கும் உள்ள எல்லையைத் துல்லியமாகச் சுட்டிவிட்டனர்.

பயிற்சியின் இடம் இங்கேதான் தெளிவாகிறது. உமாசுவாதியின் 'தத்துவார்த்த சூத்திரம்' இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்வதோடு நிறுத்தாமல், அந்த ஊறு பிரமாதத்தால், அதாவது விழிப்பற்ற அசட்டையால், விளைவதையும் சேர்த்தே சொல்கிறது. கூட்டுப்புழுவைக் கொல்லாமல் அறுபடாத நீண்ட பட்டிழை எடுக்க முடியாது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வரையறை எளிதில் கடந்துபோகக்கூடியதன்று. பிறர் வாழ்வை எடுத்தாளும் கலை ஊறு முழுவதையும் தவிர்க்க முடியாமல் போகலாம். அசட்டையைத் தவிர்க்க முடியும். ஒளி அமைப்பதையும் படத்தொகுப்பையும் கற்பிக்கும் பட்டறைகள், இசைவு பெறுவதைக் கையொப்பத்தோடு முடித்துக்கொள்ளாமல், கோணத்துக்கு வெளியே இருப்பவரைத் தேடிச் செல்லும் பழக்கத்தையும் அதே கண்டிப்புடன் கற்பிக்க வேண்டும். தார் சுற்றும் பெண் தம்மைக் காட்டிய விதத்தையோ, காட்டாமல் விட்டதையோ மறுத்துப் பேசும்போது, அந்தப் பேச்சு படத்துக்குள் இடம்பெற இன்னும் வழி இருக்க வேண்டும். அதற்கு, தொகுப்பு முடியும் முன்னரே தறிவீட்டில் படத்தைப் போட்டுக்காட்டுவதற்கான காலமும் செலவும் நிதி வழங்கும் அமைப்பின் ஒப்பந்தத்தில் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.